இரும்பு ஆசனத்தில் உட்கார்ந்தவன் யார்?

(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று மாலை காலமாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். “நம் ஊரில் பண்ணைக்காரர்களுக்குப் பஞ்சமா? சீமையிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டுமா?” என்று ஒரு தோழர் கேட்டே விட்டார். கேள்வி நியாயமானது. பதிலையும் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அவர் பெயர் ஜான் மாஃபிட். இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, நார்தம்பர்லாந்து என்றொரு ஜில்லா இருக்கிறது. நிலக்கரிக்கும் ஆட்டுக்கும் பெயர் போன சீமை. ரயில் என்ஜின்களைக் கட்டிப் பேர் பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் பிறந்த வைலம் கிராமம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஜில்லாவில் ஸ்டாக்ஸ்ஃபீல்டு என்ற ஊர்ப் பக்கம் மாஃபிட் பால்மாட்டுப் பண்ணை நடத்தினார். ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் என்ற கறுப்பு வெள்ளை இன மாடுகளை வளர்ப்பதில் பேர் எடுத்தவர். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. ஏழை அல்ல, கூலிக்காரரும் அல்ல. இதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

அப்படியானால் அவரை ஏன் நினைக்க வேண்டும்? பழைய டிராக்டர்களைச் சேர்த்தார் என்பதற்காகத்தான். பிறர் உடைத்து இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட யந்திரங்களை அவர் தேடிப் பிடித்தார். வேலியோரத்தில் துருப்பிடித்துக் கிடந்ததை, மழையில் நனைந்து முட்செடி மூடிக் கிடந்ததைச் சேகரிப்பவர்கள் அந்த நாட்டில் பலர் உண்டு. மாஃபிட் அவர்களில் முன்னோடி. ஹன்டே என்ற பெயரில் ஒரு டிராக்டர் காட்சிசாலையையே தம் பண்ணைப் பக்கத்தில் ஏற்படுத்தினார். அந்தக் காட்சிசாலை பிற்காலத்தில் மூடப்பட்டு விட்டது. அவருடைய சேகரிப்பில் தலைசிறந்தது 1903-ம் வருஷத்து யந்திரம் ஒன்று. பெயர் ஐவெல். அதைப் பற்றி அவர் ஒரு சரித்திரப் புத்தகமும் எழுதினார்.

ஐவெல் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் டான் ஆல்போன். பிகிள்ஸ்வேடு என்ற சிற்றூரில் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர், சைக்கிள் பந்தயக்காரர். ஊரில் ஓடிய ஆற்றின் பெயர் ஐவெல். அதையே தம் யந்திரத்துக்கும் வைத்தார். 1902-ல் கம்பெனி ஆரம்பித்தார்.

அதற்கு முன் யந்திர உழவு கிடையாதா என்றால், கிடைத்தது. நீராவி உழவு இருந்தது. வயலின் இந்தக் கரையில் ஒரு பெரிய நீராவி என்ஜின், அந்தக் கரையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரும்புக் கயிறு கட்டி, கலப்பையை இங்கும் அங்குமாக இழுப்பார்கள். ஒவ்வொரு என்ஜினும் பத்து டன்னுக்கு மேல் கனம். கரி சுமக்க ஆள், தண்ணீர் சுமக்க ஆள், கலப்பை மேல் உட்கார்ந்து திருப்ப ஆள் என்று ஒரு பட்டாளமே வேண்டும். மிகப் பெரிய பண்ணைகளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். ஆல்போன் செய்ததோ மூன்று சக்கரம், இரண்டு சிலிண்டர், ஒன்றரை டன் எடை. நிலத்தில் தானே நடந்து போய்க் கலப்பையை இழுக்கும். உழவு முடிந்ததும் பெல்ட்டை மாட்டினால் கதிரடிக்கும் மிஷினையும் ஓட்டும். ஆலைத் தோழர்களுக்கு பெல்ட்டும் புல்லியும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

விலை 300 பவுன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் விவசாயக் கூலிக்குச் சராசரியாக வாரத்துக்கு ஒரு பவுன்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. பட்டினி கிடந்து ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறு வருஷக் கூலி ஒரு யந்திரத்துக்குப் பற்றாது. கணக்கு அப்படி.

ஆல்போன் 1906-ல், 46 வயதிலேயே செத்துப் போனார். கம்பெனி தடுமாறி, முதல் உலக யுத்தத்துக்குப் பின் மூடப்பட்டது. உலகம் ஐவெலை மறந்தது. மிஞ்சியவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. மாஃபிட் மறைந்த பிறகு 2012-ல் அவருடைய ஐவெல் ஏலத்துக்கு வந்தது. 3 லட்சத்து 20 ஆயிரம் பவுனுக்கு மேல் போயிற்று. 300 பவுன் யந்திரம்! நூறு வருஷம் மறந்து கிடந்த இரும்புக்கு இந்த விலை என்றால், பணக்காரனின் ஆசைக்கு அளவே இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் உண்மைதான்.

ஆனால் விலையை மட்டும் பார்த்துத் திரும்பி விடக் கூடாது. இந்த மனிதரும் இவரைப் போன்றவர்களும் செய்த வேலையில் நமக்குப் பிரயோஜனமான ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் பழைய யந்திரத்தை வெறுமே வர்ணம் பூசி மூலையில் நிறுத்தவில்லை. ஓடும்படி செய்தார்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப் போயிருக்கும். எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊற வைத்து, தட்டித் தட்டி அசைக்க வேண்டும். கிடைக்காத பாகத்துக்கு மரத்தில் அச்சு செய்து வார்ப்படம் ஊற்ற வேண்டும். நம் ஃபவுண்டரித் தோழர்கள் அறிவார்கள், அது லேசான வேலையா? நின்று போன யந்திரத்தைப் பார்த்தால் அதன் உருவம் தெரியும். ஓடும் யந்திரத்தின் பக்கத்தில் நின்றால்தான் அதை ஓட்டியவனின் பாடு தெரியும்.

எப்படி என்கிறீர்களா? ஆசனத்தைப் பாருங்கள். 1932 வாக்கில்தான் டிராக்டருக்கு ரப்பர் டயர் வந்தது. அதற்கு முன் முழுக்க இரும்புச் சக்கரம், மண்ணைப் பிடிக்க இரும்புப் பற்கள். ஆசனம் தட்டுப் போல வளைத்த இரும்புத் தகடு. மெத்தை இல்லை. தலைக்கு மேல் கூரை இல்லை. உறைபனியிலும் மழையிலும் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக் கொண்டு, விடிந்தது முதல் இருட்டும் வரை அதில் குலுங்கியவனின் முதுகெலும்பு என்ன பாடு பட்டிருக்கும்? காதுக்குப் பக்கத்தில் புகைக்குழாய். குளிரில் காலையில் என்ஜினைக் கிளப்ப வேண்டும். முன்னால் கம்பியை மாட்டிக் கையால் சுற்றினால் சில சமயம் அது திருப்பி அடிக்கும். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்காமல் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு முறியும். பெட்ரோல் விலை ஜாஸ்தி. அதனால் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் ஊர் பம்ப்செட்டில் இந்த வித்தையைச் செய்யாதவர் உண்டா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கலப்பை கல்லில் மாட்டிக் கொண்டால் சக்கரம் நிற்காது. முன்பக்கம் மேலே தூக்கி, டிராக்டர் மல்லாந்து ஓட்டியவன் மேலேயே விழும். சரிவில் உருண்டும் விழும். இப்படிச் செத்தவர்கள் கொஞ்சமல்ல. பிரிட்டனில் புதிய டிராக்டர்களுக்கெல்லாம் நசுங்காத கூண்டு பொருத்தியே தீர வேண்டும் என்ற சட்டம் 1970-ல்தான் அமலுக்கு வந்தது. ஐவெல் பிறந்து 68 வருஷம் கழித்து! யந்திரத்தின் குதிரைச் சக்தி வருஷா வருஷம் ஏறியது. ஓட்டுகிறவன் உயிருக்கு ஒரு கூண்டு வைக்க இத்தனை காலம் பிடித்தது.

இந்த ஆசனத்தில் உட்கார்ந்தவன் யார்? காட்சிசாலைப் பலகையில் யந்திரம் செய்தவர் பெயர் இருக்கும், வருஷம் இருக்கும், சொந்தக்காரர் பெயர் இருக்கும். அவன் பெயர் மட்டும் இருக்காது.

நார்தம்பர்லாந்தில் அவன் யார் என்று நாம் கொஞ்சம் சொல்ல முடியும். அங்கே பண்ணையாளுக்கு ‘ஹைண்ட்’ என்று பெயர். வருஷ ஒப்பந்தம். கூலியில் பெரும்பகுதி தானியமாக அளந்து கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம், ஒரு பசுவுக்குத் தீனி, குடியிருக்கப் பண்ணை வீடு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? இப்போது மற்றதையும் கேளுங்கள். அந்த ஜில்லாவின் வட பகுதியிலும் ஸ்காட்லாந்து எல்லையிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஹைண்ட் தன்னோடு ஒரு பெண்ணையும் வயல் வேலைக்குக் கொண்டு வர வேண்டும். மகள் இருந்தால் மகள், தங்கை இருந்தால் தங்கை. இல்லாவிட்டால் தன் செலவில் ஒரு பெண்ணை அமர்த்தி, தன் வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ‘பாண்டேஜர்’ என்று பெயர். பாண்டேஜ் என்றாலே கட்டுண்டு கிடத்தல் என்றுதான் அர்த்தம்! கிழங்கு தோண்டுவது, களை பறிப்பது, எரு வாருவது, கதிரடிப்பது எல்லாம் அவள். மே மாதத்தில் வருஷம் முடியும். ஒப்பந்தம் புதுப்பிக்காவிட்டால் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொண்டு குடும்பமே அடுத்த பண்ணையைத் தேடிப் போக வேண்டும். வேலை போனால் வீடும் போயிற்று.

தஞ்சைத் தரணியில் பண்ணையாள் வாழ்க்கையை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவன் ஒருவனை அமர்த்தினால் அவன் மனைவி மக்களும் சேர்த்து அமர்த்தப்பட்டதாகவே அர்த்தம். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை அதைக் கேட்பாரில்லை. ஜாதியின் பேரால் நம் ஊரில் நடந்த கொடுமை அங்கே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ஆனாலும் அந்த ஹைண்டும் நம் பண்ணையாளும் எதிரெதிரே உட்கார்ந்தால் பாஷை தெரியாமலே பாதி விஷயம் பேசிக் கொள்வார்கள்.

அந்தக் கைகள்தாம் முதலில் குதிரையை ஓட்டின, பிறகு டிராக்டரை ஓட்டின. யுத்த காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனபோது பெண்கள் ஓட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ‘பெண்கள் நிலப்படை’ என்று ஏற்படுத்தி, 80,000-க்கு மேற்பட்ட பெண்களை வயலில் இறக்கினார்கள். பட்டணத்துக் கடைகளிலும் காரியாலயங்களிலும் இருந்து வந்த பெண்கள் இந்த இரும்பு ஆசனத்தில் ஏறி உழுதார்கள். பெண் பிள்ளைக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக் கூடும். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் இதைச் சொன்னோம்.

சரி. யந்திரம் வந்ததும் தொழிலாளி என்ன செய்தான்? யந்திரத்தைக் கண்டு அஞ்சிய முட்டாள் என்று அவனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 1830-ல் இங்கிலாந்தின் தென் பகுதியில், கென்ட் ஜில்லாவில் ஆரம்பித்து, கூலி விவசாயிகள் இரவோடு இரவாகக் கதிரடிக்கும் மிஷின்களை உடைத்தார்கள். ‘கேப்டன் ஸ்விங்’ என்ற இல்லாத ஒருவர் பெயரில் பண்ணைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். ஏன் உடைத்தார்கள்? அந்த நாட்டில் பனிக்காலத்தில் வயலில் வேலை கிடையாது. களத்தில் தடியால் கதிரடிப்பது ஒன்றுதான் அந்த மாதங்களில் அடுப்பு எரிய வழி. மிஷின் வந்ததும் அதுவும் போயிற்று. மிச்சமான கூலி யார் பைக்குப் போயிற்று? அவன் பைக்கு அல்ல. அவன் உடைத்தது பசியில். சர்க்கார் கொடுத்த பதில் என்ன? 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

நெல் அறுவடை மிஷின் டெல்டா வயல்களில் இறங்கியபோது, கதிர் அரிவாளோடு வரப்பில் நின்ற நம் பெண்களுக்கு அந்த 1830-ன் மனசு புரியும். சேற்றில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிய அறுப்பது சுகமான வேலை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்த வேலை ஒழியட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் களத்து நெல்லுக்குப் பதில் என்ன கிடைத்தது? அதுதான் கேள்வி. மிஷின் மேல் நமக்குக் கோபம் இல்லை.

இந்தக் கேள்வியை வயலில் இருந்து ஆலைக்குக் கொண்டு போன சம்பவம் ஒன்று உண்டு. அதுவும் டிராக்டர் கதைதான். ஹாரி பெர்குசன் என்ற ஐரிஷ்காரர் ஓர் அருமையான ஏற்பாடு கண்டுபிடித்தார். கலப்பையைச் சங்கிலியால் பின்னால் இழுப்பதற்குப் பதில், மூன்று கைகளால் டிராக்டரோடு சேர்த்துப் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறை. கலப்பையின் இழுப்பே முன் சக்கரத்தை மண்ணில் அழுத்தும். டிராக்டர் மல்லாரும் ஆபத்து குறையும். இன்று நம் ஊர் டிரைவர் ‘லிஃப்ட்’ என்று சொல்லிக் கைப்பிடியைத் தட்டுகிறாரே, அது இந்த ஏற்பாட்டின் வழி வந்ததே. அந்தச் சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் 1946 முதல் 1956 வரை கவென்ட்ரி நகரத்தின் பேனர் லேன் ஆலையில் தயாராயிற்று. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலை. 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். இன்று அந்த நாட்டில் பழைய டிராக்டர் சேர்ப்பவர் வீட்டில் இந்தச் சாம்பல் குட்டி இல்லாமல் இருப்பது அபூர்வம்.

1956-ல் கம்பெனி புதிய 35 என்ற மாதிரிக்கு மாறியது. அதற்காக ஆலையில் தானே இயங்கும் புதிய யந்திர வரிசைகளைப் பொருத்தத் தீர்மானித்தார்கள். அதனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆட்குறைப்பு என்று அறிவித்தார்கள். தொழிலாளர்கள் புது யந்திரத்தைத் தொடக்கூட இல்லை. உடைப்பதாவது! அவர்கள் கேட்டது ஒன்றே. இருக்கிற வேலையை எல்லோருக்கும் பங்கிடுங்கள், வாரத்துக்குக் குறைந்த நேரம் எல்லோரும் வேலை செய்கிறோம், ஒருவனையும் தெருவில் தள்ளாதீர்கள் என்றார்கள். கம்பெனி ஒப்பவில்லை. சுமார் 11,000 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். சுமார் இரண்டு வாரம் நின்றார்கள். பிரிட்டனில் தானியங்கி யந்திரப் பிரச்னையில் நடந்த முதல் பெரிய வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். வெற்றி கிடைத்ததா? இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழக்கத்தான் செய்தார்கள். இதை மறைத்துப் பேசுவதில் லாபமில்லை.

1830-க்கும் 1956-க்கும் நடுவே என்ன மாறியது என்று பாருங்கள். அவன் இருட்டில் சம்மட்டியோடு போனான். இவன் பட்டப் பகலில் கணக்கோடு வந்தான். இந்த மிஷின் எத்தனை மணி நேர வேலையை மிச்சப்படுத்துகிறது, அந்த மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டான். நம் ஆலைகளில் ஆட்டோ லூம் வந்தபோதும், நூற்பு மிஷின்கள் மாறியபோதும் ஆள் கணக்கைத்தானே நாமும் கேட்டோம்?

அந்த 35 நம் வாசலுக்கே வந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே கம்பெனி ஏற்பட்டு, மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செம்பியத்தில் செய்யத் தொடங்கியது. நம் வயல்களில் ஓடிய 1035 அந்தக் கவென்ட்ரி 35-ன் வம்சம். கவென்ட்ரி ஆலை 2003-க்குள் மூடப்பட்டு விட்டது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். டிராக்டர் மட்டும் நம் ஊரில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது.

மாஃபிட் போன்றவர்கள் இரும்பைக் காப்பாற்றினார்கள். எந்த வருஷம், எந்த எண், எந்தத் திருகு மாற்றப்பட்டது என்று எழுதி வைத்தார்கள். அந்த சிரத்தைக்கு நம் மரியாதை உரித்தாகட்டும். இரும்பு இல்லாவிட்டால் அந்த ஆசனத்தைக் காட்டி நாம் இவ்வளவும் பேசியிருக்க முடியாது. ஆனால் இந்த ஜில்லாவில் முதல் டிராக்டர் ஓட்டியவர் யார்? அவருக்கு நாள் கூலி எவ்வளவு? சேற்று உழவில் கேஜ் வீல் மாட்டி இறங்கி, கவிழ்ந்து செத்தவர் வீட்டுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? ஏர் ஓட்டியவர் டிராக்டர் வந்த பிறகு எந்த வேலைக்குப் போனார்? இதெல்லாம் எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. நம் கிழவர்களின் தலைக்குள் இருக்கிறது. வருஷத்துக்கு நாலு பேராக அவர்கள் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒரு காரியம் ஆரம்பித்திருக்கிறோம். படிப்பகத்தில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். டிராக்டர் ஓட்டியவர்கள், ஏர் கட்டியவர்கள், கதிரடித்த தாய்மார்கள், ஃபவுண்டரியில் வார்ப்படம் ஊற்றியவர்கள் எல்லோரும் வாருங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தெரியாதவர்கள் சொல்லுங்கள். எழுதிக் கொள்ள வாலிபர்கள் இருக்கிறார்கள். பெயர், ஊர், வருஷம், கூலி, யந்திரத்தின் பெயர், இந்த ஐந்தும் முதலில். பிறகு என்ன ஞாபகம் வருகிறதோ அது. பழைய கூலிச் சீட்டு, லைசென்சு, போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டு வந்து காட்டிவிட்டு எடுத்துப் போகலாம். வர முடியாத பெரியவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று சொன்னால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.